ஒன்று விட்டு ஒரு தையல்

கோடை விடுமுறை தொடங்கிய அன்று காலையில் தையல்காரர் ஒரு முடிவெடுத்தார். இந்த இரண்டு மாதமும் தரையை விட்டுக் காலை எடுப்பதில்லை.

இதில் புதிதாக முடிவெடுக்க ஒன்றும் இல்லை. அவர் கால் எந்த மாதமும் தரையை விட்டு எழும்பியது கிடையாது. தையல் மிஷின் பெடலில் நாலு விரற்கடை மேலே போகும், நாலு விரற்கடை கீழே வரும். அதுதான் அவர் ஏறிய ஏற்றம், இறங்கிய இறக்கம் எல்லாம். வீடு தரைத்தளம். வீட்டின் முன்னறைதான் கடை. கடையில் மேல் தட்டில் இருக்கும் துணிச் சுருளை எடுக்க வேண்டுமென்றால் மனைவியைக் கூப்பிடுவார். பல்ப் மாற்ற வேண்டுமென்றாலும் மனைவிதான்.

"ஸ்டூல் ஆடுது. நான் ஏறினா தாங்காது" என்பார்.

அவரை விட அவளுக்கு எடை அதிகம். அதை அவள் சொல்ல மாட்டாள். ஏறி மாற்றிவிட்டு இறங்கி வருவாள்.

உயரம் என்றால் அவருக்குப் பயம். இந்த ரகசியம் உலகத்தில் தன்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்று பத்து வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். நம்பிக்கை நல்லதுதான்.

ஆனால் போன மாதம் ஒரு சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. இருட்டில் தைக்க முடியாமல் மிஷினை நிறுத்தினார். அவருக்கு ஒரே மகள், ஒன்பது வயது, வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வந்து மடியில் சாய்ந்து, "அப்பா, நீங்க சின்ன வயசுல என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள்.

காஜா எடுத்தேன், பட்டன் தைத்தேன் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு அது ரொம்பச் சின்னதாக இருந்தது. இருட்டு வேறு. இருட்டில் நாக்குக்கு அளவு தெரியாது.

"உச்சிப்பாறைக்கு ஏறினேன்" என்றார்.

"அந்தப் பெரிய மலை மேலயா? தனியாவா?"

"தனியாத்தான். ரப்பர் செருப்போட. பாதி வழியில ஒரு கரடி வந்துச்சு. கழுத்துல கிடந்த இஞ்ச் டேப்பை உருவி ஒரு சொடுக்கு சொடுக்கினேன். திரும்பிப் பாக்காம ஓடிடுச்சு. உச்சியில ஒரு இரும்புத் தூண் இருக்கு. அதுல ஒரு சிவப்புத் துணி கட்டிட்டு வந்தேன். இப்பவும் இருக்கும்."

இரும்புத் தூண் இருப்பது உண்மை. பேன்ட் தைக்க வந்த ஒரு வாடிக்கையாளர் சொல்லித் தெரியும். அந்த மலையை அவர் பார்த்ததெல்லாம் காலண்டரில். அதையும் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்ப்பார்.

கரண்ட் வந்தது. அவர் மறந்துவிட்டார். வாலு மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் "எங்கள் வீட்டு வீரர்" என்று கட்டுரை எழுதச் சொன்னபோது கரடியையும் இஞ்ச் டேப்பையும் சேர்த்து நாலு பக்கம் எழுதிவிட்டாள். டீச்சர் அதை வகுப்பிலேயே வாசித்தார். முன் பெஞ்சுக்காரி ஒருத்தி எழுந்து, "டீச்சர், இது பொய். அவங்கப்பா எங்க தாத்தாவுக்கு அளவெடுக்க வந்தப்ப மாடிப்படியே ஏறல. தாத்தாவைத்தான் கைத்தாங்கலா கீழ இறக்கிக் கொண்டு வந்தோம்" என்றாள்.

வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்காமல், "லீவு முடிஞ்சு வரும்போது அந்தச் சிவப்புத் துணியைப் போட்டோ எடுத்துட்டு வா. பிரச்சினை தீர்ந்துச்சு" என்றார்.

ஆக, தையல்காரர் முடிவெடுத்த அன்று மத்தியானமே வாலுவும் ஒரு முடிவோடு வந்து நின்றாள்.

"அப்பா, நாம மூணு பேரும் மலைக்குப் போறோம். டென்ட்ல தங்கறோம். காலையில உச்சிப்பாறை ஏறறோம். நீங்க கட்டின துணிகிட்ட நின்னு போட்டோ எடுக்கறோம். அம்மா சரின்னுட்டாங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"குழந்தை ஆசைப்படுதுங்க" என்றாள்.

"டென்ட் வேணுமே. நம்மகிட்ட ஏது டென்ட்?"

"வாடகைக்குக் குடுக்கறாங்களாம்."

"வாடகை டென்ட்டா? ஊருக்கெல்லாம் தைக்கிறவன் குடும்பம் வாடகைத் துணிக்கடியில படுக்கறதா? நானே தைக்கிறேன். அது முடிஞ்சதும் கிளம்பிடலாம்."

சொல்லிவிட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். தையல்காரன் ஒரு துணியைத் தைத்து முடிக்காமல் இருக்க நினைத்தால் அதை யாரால் முடிக்கவைக்க முடியும்? பதினைந்து வருஷ அனுபவம் அது.

முதல் வாரம், "கட்டிங் முடிஞ்சது" என்றார். இரண்டாம் வாரம், "மிஷின்ல ஏத்தியாச்சு" என்றார். மூன்றாம் வாரம், "ஊசி உடைஞ்சிடுச்சு, கெட்டித் துணிக்குத் தனி ஊசி" என்றார். நாலாம் வாரம், "காஜா மட்டும் பாக்கி" என்றார். உண்மையில் துணி கட்டிங் டேபிளுக்கு அடியில் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

வாலுவின் முகம் நாளுக்கு நாள் சுருங்கியது. மனைவிக்கு இது புதிதில்லை. வாடிக்கையாளரிடம் அவர் இதே நாலு வசனத்தையும் சொல்வதைப் பத்து வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள். அவளுக்கு இன்னொன்றும் தெரியும்.

அவர் வாயால் சொல்லும் தேதி காற்றோடு போகும். ஆனால் சீட்டுப் புத்தகத்தில் தேதி எழுதி, துணியில் ஒரு மூலையை வெட்டி, அந்தச் சீட்டில் குத்திவிட்டாரென்றால் தீர்ந்தது. இடியே விழுந்தாலும் அன்றைக்குத் துணி தயாராக இருக்கும். எழுதிக் கொடுத்த தேதி ஒன்றுகூட இதுவரை தவறியதில்லை. கல்யாணத்தன்று காலையில்கூட ஒருவருக்குச் சீட்டில் எழுதிய தேதி என்று பேன்ட் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் மண்டபத்துக்கு வந்தார். முக்கால் மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தவளுக்கு அது மறக்குமா?

ஒரு நாள் கடையில் நல்ல கூட்டம். தையல்காரர் வாயில் ஆறு குண்டூசியைக் கவ்விக்கொண்டு ஒரு குண்டு மனிதருக்கு இடுப்பளவு எடுத்துக்கொண்டிருந்தார். டேப் ஒரு சுற்று வரவில்லை. அவரே சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். அப்போது மனைவி ஒரு துண்டுத் துணியையும் சீட்டுப் புத்தகத்தையும் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதுக்கு ஒரு சீட்டு போட்டுடுங்க."

"ம்?"

"அவசரமில்லையாம். வெள்ளிக்கிழமை குடுத்தாப் போதுமாம்."

"யாவுக்கு?" என்றார் குண்டூசிகளுக்கு நடுவே.

"வேண்டப்பட்டவங்கதான்."

அவர் 'வெள்ளிக்கிழமை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். துணியைக் குத்தினார். மறுபடி இடுப்பைச் சுற்றி ஓடினார்.

சாயங்காலம் சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் புரட்டும்போதுதான் பார்த்தார். கெட்டித் துணி. காக்கி. தன்னுடைய கட்டிங் டேபிளுக்கு அடியில் கிடக்கும் அதே துணி. சீட்டில் மேலே வாலுவின் கையெழுத்தில், 'டென்ட் ஒன்று' என்று எழுதியிருந்தது. கீழே அவருடைய கையெழுத்து. நடுவில் வெள்ளிக்கிழமை.

"இது என்ன?" என்றார்.

"சீட்டு" என்றாள் மனைவி.

"என்னை ஏமாத்திட்ட."

"நீங்கதானே எழுதினீங்க. வேணாம்னா கிழிச்சுப் போட்டுடுங்க."

கிழிப்பதா? அவர் அந்தச் சீட்டை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு கத்தரியை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் டென்ட் தயார். ஆனால் அவர் வாழ்நாளில் தைத்ததெல்லாம் சட்டையும் பேன்ட்டும்தானே? கை தனக்குத் தெரிந்த வழியில் போய்விட்டது. டென்ட்டுக்கு மேலே காற்று வர வைத்த திறப்புக்குக் காலர் இருந்தது. வாசலுக்குப் பட்டி வைத்து ஒன்பது பட்டன். உள்பக்கம் இடது மார்பில் ஒரு பாக்கெட். மொத்தத்தில் ஒரு மலை மனிதன் சட்டையைக் கழற்றித் தரையில் வைத்த மாதிரி இருந்தது. மீந்த துணியில் தோளில் மாட்டும் பை ஒன்றும் தைத்துவிட்டார். டென்ட், பை இரண்டிலும் வெளியே தெரிகிற மாதிரி கடையின் லேபிளை வைத்தார். தொழில் தொழில்தான்.

சனிக்கிழமை கிளம்பினார்கள். வழியெல்லாம் பஸ் ஜன்னல் திரையை இழுத்துப் பிடித்துக்கொண்டே வந்தார். நல்லவேளை, பஸ் அடிவாரத்தோடு நின்றது. டென்ட் போடும் இடம் ஓடைக்கரையில் பலகை மாதிரி சமமாக இருந்தது. தையல்காரருக்குப் பாதி உயிர் வந்தது. பேசாமல் இங்கேயே லீவு முடியும்வரை இருந்துவிடலாம் போலிருந்தது.

பக்கத்தில் வங்கியில் ரிட்டயர் ஆன ஒரு மேனேஜரும் அவர் மனைவியும் டென்ட் போட்டிருந்தார்கள். கடையில் வாங்கிய டென்ட். சாயங்காலக் காற்றில் அது பொத்தென்று அவர்கள் தலையிலேயே உட்கார்ந்துவிட்டது. உள்ளே இருந்து மேனேஜர், "விடு, அது என் கால்" என்றார். "உங்க காலை யாரு பிடிச்சா, இது கம்பி" என்றார் அவர் மனைவி.

தையல்காரர் ஓடிப்போய் இருவரையும் வெளியே எடுத்தார். சட்டைக் காலருக்கு அடியில் எப்போதும் குத்தி வைத்திருக்கும் ஊசியை உருவி, கிழிந்த இடத்தைப் பத்தே நிமிஷத்தில் தைத்துக் கொடுத்தார். மேனேஜர் தையலை இழுத்துப் பார்த்தார். பிறகு இவருடைய டென்ட்டைச் சுற்றி வந்தார். பட்டன்களைத் தடவினார். பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"என்ன வேலைப்பாடு சார் இது. எங்க நடைப்பயிற்சி சங்கத்துல பதினெட்டு பேர் இருக்காங்க. அத்தனை பேருக்கும் உங்ககிட்டத்தான் டென்ட். உங்க தையல் பிரியவே பிரியாதா?"

"நான் போட்ட தையல் நானே நினைச்சாலும் பிரியாது சார்" என்றார் தையல்காரர்.

மனைவி அடுப்பில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். அது அவள் காதில் விழுந்தது.

மறுநாள் விடிந்தது. டென்ட் வாசலின் ஒன்பது பட்டனையும் கழற்றி வாலு வெளியே ஓடினாள். தையல்காரர் பாயிலிருந்து எழவில்லை.

"கணுக்கால் பிசகிடுச்சு" என்றார்.

"எப்படிங்க? படுத்திருந்தீங்க."

"படுத்திருக்கும்போதுதான் பிசகிச்சு. சுரீர்னு."

"எந்தக் கால்?"

"இது" என்று இடது காலைக் காட்டினார்.

மனைவி தைலத்தை எடுத்துவந்து உட்கார்ந்தாள். "காட்டுங்க" என்றாள். வலது காலை நீட்டினார். அவள் மறு பேச்சில்லாமல் வலது காலுக்குத் தடவிவிட்டாள்.

"சரி, நீங்க படுத்திருங்க. நானும் பாப்பாவும் மேனேஜர் சார் குடும்பத்தோட போயிட்டு வந்துடறோம்."

இவ்வளவு சுலபமாகவா? அவருக்கே நம்ப முடியவில்லை. அதற்குள் வாலு தலையை உள்ளே நீட்டினாள்.

"அப்பா, நீங்க வரலைன்னா துணி எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சிவப்பா இருக்கும்மா. ஒருவேளை காத்துல போயிருந்தாலும் போயிருக்கும். பத்துப் பன்னெண்டு வருஷமாச்சில்ல."

"போயிருந்தா?" என்றாள் வாலு.

அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவள் தலையை வெளியே எடுத்துக்கொண்டாள். வாசலில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டினாள். கட்டி அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள். கேமராவைப் பைக்குள் வைக்கலாமா வேண்டாமா என்று கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். தையல்காரருக்கு நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது. குண்டூசியாக இருக்குமோ என்று தடவிப் பார்த்தார். இல்லை.

வெளியே மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினாள். திரும்பியவளின் முதுகு அவர் கண்ணுக்கு நேராக வந்தது.

பையின் வலப்பக்கத் தையல் பிரிந்திருந்தது.

ஒரு சாண் நீளத்துக்கு. பற்கள் விழுந்த வாய் மாதிரி இளித்துக்கொண்டு. அதற்கு மேலேயே கடையின் லேபிள்.

"ஏய், நில்லு" என்றார்.

அவள் நிற்கவில்லை. மேனேஜர் நாலடி பின்னால் கைத்தடியோடு கிளம்பிக்கொண்டிருந்தார். தையல்காரர் பாயிலிருந்து எப்படி எழுந்தார், செருப்பை எப்படி மாட்டினார் என்பது அவருக்கே தெரியாது. ஒரே பாய்ச்சலில் மனைவிக்கும் மேனேஜருக்கும் நடுவே போய் நின்றார்.

"அப்பா, கணுக்கால்?" என்றாள் வாலு. அவள் முகம் பல்ப் போட்ட மாதிரி ஆகியிருந்தது.

"எந்தக் கணுக்கால்?" என்றார் அவர்.

மனைவியின் முதுகோடு ஒட்டிக்கொண்டு கிசுகிசுத்தார். "பை பிரிஞ்சிருக்கு. இறக்கு. தைச்சுத் தர்றேன்."

"இப்பவா? வெயில் ஏறிடும்ங்க. நடந்துகிட்டே பாத்துக்கலாம்."

"உள்ள என்ன வெச்சிருக்க?"

"சாப்பாட்டு டப்பா, தண்ணி, துண்டு. மேலாப்புல உங்க பனியன்."

"எந்தப் பனியன்?"

"ஏழு ஓட்டை போட்டது. அதுதான் துவைச்சு இருந்துச்சு."

அவருக்கு வியர்த்தது. ஊருக்கெல்லாம் தைக்கிறவனின் ஏழு ஓட்டைப் பனியன், பிரியவே பிரியாத தையல் வழியாக, மேனேஜர் காலடியில் விழுந்தால் பதினெட்டு டென்ட்டும் போச்சு, பதினைந்து வருஷப் பெயரும் போச்சு. பைக்கு அடியில் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு மனைவி பின்னால் நடக்க ஆரம்பித்தார்.

பாதை மேலே ஏறியது. அவருக்குத் தெரியாது. அவர் கண்ணில் பட்டதெல்லாம் ஒரு சாண் தையல்தான். மனைவி வலது காலை எடுத்து வைத்தால் தையல் மூடும். இடது காலை எடுத்து வைத்தால் திறக்கும். திறக்கும்போதெல்லாம் பனியனின் ஓரம் எட்டிப் பார்க்கும்.

"மெதுவா கால் வை."

"மெதுவாத்தாங்க வைக்கிறேன்."

"இடது காலை ரொம்ப எட்டி வைக்காத."

"அப்ப ஒத்தைக் காலாலயா ஏற?"

"பேசாத. பேசினா மூச்சு வாங்குது. மூச்சு வாங்கினா பை ஆடுது."

பத்து வருஷத்தில் அவள் அவர் சொல் கேட்டுப் பேசாமல் வந்தது அன்றைக்குத்தான்.

பின்னால் வந்த மேனேஜர் ஒரு வளைவில் நின்றார். "சார், இந்தப் பக்கம் பாருங்க. கிடுகிடு பள்ளம். கீழ ஓடை நூல் மாதிரி தெரியுது."

"நூலுக்கு என்ன?" என்று திடுக்கிட்டார் தையல்காரர். "நூல் நல்ல நூல்தான் சார்." திரும்பவில்லை.

"அப்பா, மேகம் நமக்குக் கீழ போகுது பாருங்க."

"போகட்டும்மா. நம்ம வழியில வராம இருந்தாச் சரி."

பாதை ஒடுங்கியது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமில்லை. பெரிய பெரிய ஆட்களெல்லாம் பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி நகர்ந்தார்கள். தையல்காரர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். எதிரே இறங்கி வந்த இரண்டு பேர் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். "பயமே இல்லாத ஆளு" என்று ஒருவர் சொன்னது வாலுவின் காதில் விழுந்தது. அவள் அதைச் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

கடைசியாக இரும்புப் படிக்கட்டு. பாறையோடு சாய்த்து அடித்தது. நாற்பது படி. படிக்கும் படிக்கும் நடுவே ஆகாயம். மனைவி ஏறினாள். பை அவர் மூக்குக்கு நேரே வந்தது.

"எட்டு தையல் போயிருக்கு" என்றார் முதல் படியில்.

"எண்ணிக்கிட்டே வாங்க."

எண்ணிக்கொண்டே வந்தார். எட்டு, எட்டு, எட்டு. நாற்பது படியிலும் எட்டுதான். பிரிந்த தையல் மேலே பிரியாமல் அப்படியே நிற்பது ஒரு தையல்காரனுக்குச் சந்தேகம் தர வேண்டிய விஷயம். கையில் பிடித்த கம்பி ஜில்லென்று இருந்ததில் அவருக்கு அது தோன்றவில்லை.

மேலே போனதும் மனைவி, "அப்பாடா" என்று சொல்லிவிட்டு நாலு எட்டில் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். கம்பியில் ஒட்டிய பத்து விரலையும் தையல்காரர் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க எவ்வளவு நேரம் ஆனதோ, அவ்வளவு நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

வாலு கடைசிப் படியிலிருந்து குதித்து ஓடினாள். ஓடியவள் தூணருகே நின்றுவிட்டாள். தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். இப்போது சொல்ல வேண்டும். காத்து, மழை, பத்துப் பன்னிரண்டு வருஷம்.

"அப்பா" என்றாள் வாலு. "இருக்குப்பா."

கண்ணைத் திறந்தார். இரும்புத் தூணில் இடுப்பளவு உயரத்தில், சுருக்கு முடிச்சுப் போட்டு, ஒரு சிவப்புத் துணி படபடத்துக்கொண்டிருந்தது.

அவருக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த நிமிஷம் ஒருவேளை வந்திருப்போமோ என்று தோன்றிவிட்டது. அந்தக் கரடியின் முகம்கூட லேசாக ஞாபகம் வந்தது.

மேனேஜர் அப்பாவையும் மகளையும் துணியையும் வைத்து மூன்று போட்டோ எடுத்தார். வாலு அப்பாவின் கையைக் கழற்றுகிற மாதிரி பிடித்துக்கொண்டாள். "முன் பெஞ்சுக்காரிக்கு ஒரு காப்பி குடுப்பேன்" என்றாள். தையல்காரரின் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. ஒரு மாதமாக அதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். இறங்கின பிறகுதான் கனம் தெரிந்தது.

மேனேஜர் தம்பதி வாலுவோடு பாறையின் அந்தப் பக்கம் காட்சி பார்க்கப் போனார்கள். தையல்காரர் தூணுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்து, பையை மடியில் வாங்கிக் காலருக்கு அடியிலிருந்து ஊசியை எடுத்தார். தையலைக் கிட்டத்தில் பார்த்தார்.

ஊசி நின்றது.

தானாகப் பிரிந்த நூலின் நுனி பஞ்சு பஞ்சாக இருக்கும். இது பிளேடால் வெட்டிய நுனி. அதுவும் ஒன்று விட்டு ஒரு தையல். வாய் பிளந்து பயம் காட்டும், ஆனால் ஒரு குண்டூசிகூடக் கீழே விழாது. தொழில் தெரிந்த கை.

மெல்லத் தலையைத் திருப்பித் தூணில் இருந்த துணியைப் பார்த்தார். சாயம் கொஞ்சம்கூடப் போகவில்லை. ஓரம் பல் பல்லாக வெட்டியிருந்தது. அப்படிப் பல் விழ வெட்டும் கத்தரியை அவர் வாங்கியதே போன மாதம்தான்.

மனைவி சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றார்.

"எது?"

"எல்லாம்."

"கல்யாணமான மூணாம் நாள் பல்ப் மாத்தச் சொன்னேன். ஸ்டூல் ஆடுதுன்னீங்க. அதுக்கு நாலு காலும் சரியாத்தான் இருந்துச்சு. உங்களுக்குத்தான் ரெண்டு காலும் ஆடுச்சு."

"பத்து வருஷமா சொல்லவே இல்லையே."

"சொல்லி என்ன ஆகப்போகுது. பல்ப் எரியணும், அவ்வளவுதானே." ரொட்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "பாப்பாவை வகுப்புல சிரிச்சதுதான் எனக்குத் தாங்கல. சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். அதைவிட ருசியான ரொட்டியை அவர் தின்றதில்லை. பிறகு ஒரு வீம்பு வந்தது. இரட்டை நூல் கோத்தார். வலப்பக்கத் தையலை மூன்று முறை ஓட்டி, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தார்.

"இனிமே உன் பிளேடு வேலை இதுல செல்லாது" என்று பையை அவளிடம் நீட்டினார்.

நீட்டிய கையோடு நிமிர்ந்தார். அன்றைக்கு முதல் முறையாகத் தையலைத் தவிர வேறொன்றைப் பார்த்தார்.

நாலு பக்கமும் ஆகாயம். அடியில், எங்கேயோ, தீப்பெட்டி மாதிரி ஒரு பஸ். அதற்குப் பக்கத்தில் சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு காக்கிப் புள்ளி. அது அவருடைய டென்ட்.

தூணை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடினார். "நான் இறங்கல" என்றார். "நீங்க போங்க. எனக்கு மாசம் ஒரு தடவை சாப்பாடு அனுப்பி வெச்சாப் போதும்."

டப்பாவை மூடும் சத்தம் கேட்டது. அதைப் பைக்குள் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு டிக், டிக் என்று வேறு ஏதோ சின்னச் சத்தம். பிறகு, "பாப்பா, வா, இறங்கலாம். நீ சாரோட முன்னாடி போ" என்ற குரல்.

"ஏங்க, நான் கிளம்பறேன்."

"போ."

"போறேன்."

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். அவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பி நின்றாள். முதுகில் பை. வலப்பக்கத் தையல் இரும்பு மாதிரி இருந்தது. இடப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு, ஒன்று விட்டு ஒன்றாக, இளித்துக்கொண்டிருந்தது. பனியன் எட்டிப் பார்த்தது.

வெட்டியது யார் என்று அவருக்குத் தெரியும். ஏன் வெட்டினாள் என்றும் தெரியும். ஒன்றும் கீழே விழாது என்பதும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கை தூணை விட்டது. கால் நடந்தது.

படிக்கட்டின் நடுவில் கீழிருந்து வாலுவின் குரல் வந்தது. "அப்பா, இந்தப் பக்கம் எவ்வளவு அழகா இருக்கு, பாருங்க."

"சும்மா இரும்மா" என்றார் தையல்காரர், பையின் அடியில் ஒரு கையை ஏந்திக்கொண்டு. "இங்க ஒன்பது போயிருக்கு."